கோட்டையூர் ரோட்டை அகலமாக்கினால் விபத்து குறையுமா?

ஜூன் 8 – வாசகர் கேள்வி

காரைக்குடியிலிருந்து ஸ்ரீராம் நகர், கோட்டையூர், பள்ளத்தூர் என்று போகும் பாதையில் அடிக்கடி யாராவது அடிபடுகிறார்கள். காரைக்குடி மாநகராட்சி ஆகியாச்சு, கோட்டையூரும் அதில் சேர்ந்தாச்சு. ரோடு மட்டும் அப்படியே கிடக்கிறது. மிச்சமிருக்கும் புளியமரங்களை எடுத்துவிட்டு நாலு வழியாக்கி, நடுவில் மீடியன் கட்டி, தெருவுக்கு ஒரு வேகத்தடை போட்டால் பிரச்சினை தீர்ந்தது. பைக் பையன்களைப் பிடித்து உள்ளே போட்டால் மீதியும் தீர்ந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 8, இரவு

நிறைய இருக்கிறது. பாலிடெக்னிக்கில் பல வருஷம் சர்வே பாடம் நடத்தியவன், இந்த ரோட்டோரத்திலேயே குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் சைக்கிள் பழகிய காலத்தில் காரைக்குடி முடிந்தால் பொட்டல், அப்புறம்தான் கோட்டையூர். நடுவில் கருவேலமும் செம்மண்ணும். அந்தப் பாதையில் லாரி விரட்டிக்கொண்டு போனாலும் குறுக்கே வர ஆளில்லை. இப்போது வீடு, மளிகை, மெடிக்கல், டியூஷன் சென்டர், மெக்கானிக் ஷெட் என்று விடாமல் வந்துவிட்டது. ஊரோடு ஊர் ஒட்டிவிட்டது. ஓட்டுபவர்கள் மட்டும் இன்னும் பொட்டலில் ஓட்டுவதாகவே நினைக்கிறார்கள். தார் போட்ட விதமும் அதையே சொல்கிறது: நேராக, தடையில்லாமல், "போ, போ" என்று.

இதை இன்னும் அகலமாக்கினால் முதலில் கூடுவது வேகம்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும். நடந்து போகிறவர் மேல் 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காரைவிட 65இல் மோதும் கார் அவரைக் கொல்லும் வாய்ப்பு நாலரை மடங்கு. பதினைந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஒரு அழுத்து அழுத்தினால் ஏறிவிடும்.

ஆகவே முதல் கேள்வி அகலம் பற்றியதாக இருக்கக் கூடாது. வீடுகள் இருக்கும் இடத்தில் வண்டிகள் என்ன வேகத்தில் போகலாம் என்பதை முதலில் முடிவு செய்வோம். 40 என்கிறேன் நான். மற்றதெல்லாம் அதற்கு ஏற்பத்தான்.

ஜூன் 9

"வேகமாப் போறாங்கன்னு எப்படிச் சொல்றீங்க, மெஷின் வச்சுப் பாத்தீங்களா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மெஷின் வேண்டாம். ஒரு டேப், ஒரு சாக்பீஸ், கையில் இருக்கும் செல்போனில் ஸ்டாப்வாட்ச். ரோட்டோரம் 50 மீட்டர் அளந்து இரண்டு கோடு. வண்டியின் முன்சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதும் அழுத்து, இரண்டாவதைத் தொட்டதும் நிறுத்து. நாலரை வினாடி ஆனால் 40 கிலோமீட்டர். மூன்று வினாடி என்றால் 60. மூன்றுக்கும் கீழே வந்தால் சொல்லவே வேண்டாம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ரோட்டில் தெரிகிற மாதிரி நிற்காதீர்கள், டீக்கடை பந்தலுக்குள் நில்லுங்கள். நோட்டும் கையுமாக ஆளைப் பார்த்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர் என்று நினைத்து எல்லாரும் உத்தமர் ஆகிவிடுவார்கள். அடுத்தது, சராசரியை நம்பாதீர்கள். நூறு வண்டி எழுதினால் வேகமான பதினைந்தை ஒதுக்கிவிட்டு அடுத்து வரும் வண்டியின் வேகத்தைப் பாருங்கள். சாலைப் பொறியாளர்கள் வடிவமைப்புக்கு எடுப்பது அந்த எண்தான்.

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் என் மாணவர்கள் இருவரோடு உட்கார்ந்து எழுதினேன். மூன்று வினாடிக்குள் பறந்தவற்றில் பைக்கைவிட வேனும் காரும்தான் அதிகம். கேள்வி கேட்டவர் பையன்கள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டார். நான் அப்படிப் போட மாட்டேன்.

ஜூன் 9, இரவு

எண் கேட்டவர்களுக்கு: 2022இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க இறந்தவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு நேரான சாலையில் நடந்தவை. "வளைவை நேராக்குங்கள்" என்று கேட்பவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கவும்.

ஜூன் 14

இன்று எழுத உட்கார்ந்தது வேறொன்றை. நேற்று சாயங்காலம் மழையில் என் மச்சினன் விழுந்துவிட்டதால் அதையே எழுதுகிறேன். காலில் தையல், வேறொன்றும் இல்லை, முருகன் புண்ணியம்.

எதிரே ஒரு டிப்பர் இன்னொரு வண்டியை முந்திக்கொண்டு வந்திருக்கிறது. இவன் இடதுபக்கம் ஒதுங்கியிருக்கிறான். தார் முடிந்து மண் ஆரம்பிக்கும் இடத்தில் முன்சக்கரம் இறங்கியது. திரும்ப மேலே ஏற்றப் பார்த்தபோது தாரின் விளிம்பு டயரைத் தட்டிவிட்டது. வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். காலையில் போய் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன். தாருக்கும் மண்ணுக்கும் முக்கால் சாண் உயரம். விளிம்பு கத்தியாய் நிற்கிறது. அதன் அடியில் பழைய தார், அதற்கும் அடியில் இன்னும் பழைய தார், எல்லாம் அடுக்கடுக்காகத் தெரிகிறது. ஒவ்வொரு தரமும் மேலேயே போட்டுக்கொண்டு போனதின் கதை அது.

இப்படி விழுகிறவர்களை "தானாக விழுந்தார்" என்று எழுதிவிடுவார்கள். டிப்பர் நிற்காமல் போய்விட்டது, மோதவும் இல்லை. பல சமயம் வழக்கே இருக்காது, கணக்கிலும் வராது.

தீர்வு ஒன்றும் மந்திரம் இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதுசு போட வேண்டும். 2021இல் அப்போதைய தலைமைச் செயலர் வெ.இறையன்பு, சாலை மட்டம் உயரக் கூடாது, சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று எழுத்திலேயே அறிவுறுத்தினார். மண் ஓரத்தைக் கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு, தாரோடு சமமாக இறுக்க வேண்டும். இதுவும் ஒரே தரத்தோடு முடியாது. மழைக்காலம் முடிந்ததும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும், நம் ஊர் செம்மண் கரைந்து ஓடிவிடும்.

நாலு வழி கேட்கிறோமே, இருக்கிற இரண்டு வழியின் ஓரத்தை யாரும் கேட்பதில்லை.

ஜூன் 14, பிற்பகல்

சாலை மட்டம் உயர்வதைப் பற்றி இன்னொன்று. இது விபத்துக்கு வெளியே போகிற விஷயம், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரிய வீடு. முகப்புக்கு ஏறும் கல்படிகளில் கீழ்ப்படி இன்று தாருக்குள் போய்விட்டது. அடுத்த படியில் பாதிதான் தெரிகிறது. செட்டிநாட்டு ஊர்களில் வீட்டை உயர்த்திக் கட்டி, தெருவைத் தாழ்த்தி வைத்ததே மழைத்தண்ணீர் தெரு வழியாக ஓடி ஊருணியில் சேரத்தான். ரோடு ஒரு பக்கம் அணைபோல உயர்ந்துவிட்டால், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டுவிடும். தண்ணீர் ரோட்டிலேயே தேங்கும். தேங்கினால் தார் பெயரும், பள்ளம் விழும். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. அதில்தான் பைக் விழுகிறது. ஊருணி வறண்டு கிடப்பதற்கும் ரோட்டில் ஆள் விழுவதற்கும் காரணம் ஒன்றே. மட்டம் எடுக்கத் தெரிந்த எவரும் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடலாம். ரோடு வேலைக்கு வரைபடம் போடும்போது வரத்துக்கால் கடக்கும் இடங்களையும் குழாய்ப் பாலங்களையும் முதலில் குறிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஜூன் 15

"யாரிடம் கேட்பது?" என்று இரண்டு பேர். கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லை என்றால் உள்ளாட்சியில் கேளுங்கள்.

சிக்கல் அதற்கு மேல்தான். தார் ஒருவர் பொறுப்பு, தெருவிளக்கு உள்ளாட்சி, கம்பம் மின்வாரியம், பஸ் நிறுத்தக் குடை தொகுதி நிதி, எச்சரிக்கைப் பலகை ஒருவர், பேரிகார்டு போலீஸ். ஒருவர் பூசிய தாரை இன்னொருவர் குழாய்க்குத் தோண்டுவார். ஒரே நீளத்தை ஒரே வரைபடத்தில் போட்டு எல்லாரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பதற்குத்தான் ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. நம் மனு போக வேண்டிய இடம் சிவகங்கை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூன் 21

பஸ் நிறுத்தம் பற்றி. இந்த இழையில் நான் எழுத நினைத்ததில் முக்கியமானது இதுதான்.

பள்ளத்தூர் சீதாலெட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் காலையில் நம் நிறுத்தத்தில் கூட்டமாக நிற்பார்கள். சாயங்காலம் எதிர்ப்பக்கம் இறங்கி ரோட்டைக் கடந்து வீட்டுக்கு வர வேண்டும். எப்படிக் கடக்கிறார்கள் என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அதன் மூக்குக்கு முன்னால் நடந்து போகிறார்கள். பஸ் மறைப்பதால் பின்னால் முந்திக்கொண்டு வரும் வண்டிக்கு இவர்கள் தெரிய மாட்டார்கள், இவர்களுக்கும் வண்டி தெரியாது. பஸ்ஸின் வலது மூலையைத் தாண்டி ஒரு அடி வைத்ததும் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும். 60இல் வரும் வண்டி பிரேக் பிடித்து நிற்கச் சுமார் 80 மீட்டர் வேண்டும் என்று வைத்துத்தான் சாலையை வடிவமைக்கிறார்கள். 40இல் வந்தால் 45 மீட்டர். அங்கே கிடைப்பதோ ஒரு பஸ்ஸின் நீளம்கூட இல்லை.

பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. நிறுத்தத்தை நகர்த்தினால் பழக்கம் தானாக மாறும். கடக்கும் இடத்தைத் தாண்டிப் பஸ் நிற்க வேண்டும். அப்போது இறங்கியவர்கள் பஸ்ஸின் பின்னால் வந்து கடப்பார்கள், வரும் வண்டிகள் தெளிவாகத் தெரியும். இரண்டு திசை நிறுத்தங்களும் எதிரெதிரே இருக்கக் கூடாது. இரண்டு பஸ்ஸும் முதுகுக்கு முதுகு நிற்கிற மாதிரி, நடுவே கடக்கும் கோடு. கோட்டின் நடுவில் ஒரு சின்னத் திட்டு: சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் நின்றால் இரு பக்கமும் இடிக்காத அகலம். ஆச்சிகள் ஒரே மூச்சில் முழு ரோட்டையும் கடக்க வேண்டாம், பாதி கடந்து நின்று மூச்சு வாங்கலாம்.

விளக்கு இன்னொரு விஷயம். கம்பத்தைக் கோட்டுக்கு நேர் மேலே வைத்தால் கடப்பவர் கருப்பாகத் தெரிவார். வண்டி வரும் பக்கம் சற்று முன்னால் வைத்தால் வெளிச்சம் ஆள் மேல் விழும். கம்பத்தின் விலை ஒன்றுதான். எங்கே நடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜூன் 22

வேகத்தடை பற்றி என் எண்ணம் இந்த இரண்டு வாரத்தில் நிறைய நகர்ந்திருக்கிறது. எழுத ஆரம்பித்தபோது "நாலைந்து போட்டால் நல்லது" என்ற நினைப்பில்தான் இருந்தேன். அப்புறம் ஒரு டவுன் பஸ் டிரைவர் அண்ணனோடும் 108 ஓட்டும் தம்பியோடும் பேசினேன்.

டிரைவர் அண்ணன் சொன்னது: "பின் ஆக்சில் தாண்டித்தானே கடைசி சீட் இருக்கு. நான் எவ்வளவு மெதுவா ஏத்துனாலும் அங்க உக்காந்திருக்குறவங்க ஒரு அடி எம்பித்தான் விழுவாங்க. முதுகுத்தண்டு என்னத்துக்காகும்?" 108 தம்பிக்கு வேறு கவலை. எலும்பு முறிந்தவரையோ பிரசவ வலி எடுத்தவரையோ ஏற்றிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு மேட்டிலும் அவர்கள் அலறுவது காதில் விழும் என்றார்.

ஊரில் நாம் பார்க்கும் தடைகளில் பல, யாரோ ஒரு விபத்துக்கு மறுநாள் கோபத்தில் போட்டவை. சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் பழைய கணக்குப்படியே வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. அதில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடம்பு குலுங்காது. நம் ஊரில் இருப்பது முக்கால் அடி அகலத்தில் ஒரு முட்டு. பெயின்ட் இல்லை, பலகை இல்லை. ராத்திரியில் புதிதாக வருகிறவர் அதில் ஏறித்தான் தெரிந்துகொள்வார்.

இப்போது நான் கேட்பது இது. கடக்கும் கோட்டையே ஒரு மேடையாக உயர்த்துங்கள், நடைபாதை மட்டத்துக்கு. மேலே தட்டையாக, பஸ்ஸின் முன்சக்கரமும் பின்சக்கரமும் தனித்தனியே அடி வாங்காத நீளத்தில். இரண்டு பக்கமும் நீளமான சரிவு. அதற்கு முன்னாலேயே இரு ஓரத்தையும் சற்றுக் குறுக்கி, பெயின்ட் கோடு போட்டு, வேகத்தை மெல்ல மெல்ல இறக்குங்கள். அப்படி நாலு இடம் போதும். தெருவுக்கு ஒன்று வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் பொதுவாகத் தடை போடவே விட மாட்டார்கள், அங்கே சத்தம் எழுப்பும் பட்டைக் கோடுகளும் ரவுண்டானாவும்தான் வழி.

ஜூன் 22, இரவு

வீட்டு வாசலில் போட்ட பட்டைக் கோட்டுச் சத்தத்தால் தூக்கம் போச்சு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், பட்டைக் கோடு வீட்டுக்கு நேராகப் போட்டால் தூங்க முடியாது. ஆளில்லாத நீளம் முடிந்து ஊர் ஆரம்பிக்கும் இடத்தில் போட வேண்டும். எழுதியவர் வீட்டுக்கு என் அனுதாபங்கள், அதை நகர்த்தச் சொல்லி மனுவில் சேர்க்கலாம்.

ஜூலை 2

புளியமரம். இதற்குத்தான் சண்டை அதிகம் வரும் என்று தெரியும்.

மரத்தில் மோதிச் செத்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. 80இல் வரும் காருக்கு அடிமரம் கருங்கல் சுவர். அதே மரத்தில் 40இல் வரும் கார் மோதினால் உள்ளே இருப்பவர் பிழைக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் மரம் நெருங்கி நிற்கும் இடத்தில் ஓட்டுபவர் தானாகவே காலை எடுக்கிறார், வெட்டவெளி ஆனதும் அழுத்துகிறார். மரத்தை எடுத்தால் மோத மரம் இருக்காது. அந்த இடத்தில் நிற்கும் மனிதர்கள் இருப்பார்கள்.

எல்லா மரமும் இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. தெரு முனையில் நின்று, ரோட்டில் ஏறும் வண்டியின் பார்வையை மறைக்கும் கிளையைக் கழிக்க வேண்டும். கருவேலம் வளர்ந்து மறைத்திருந்தால் வேரோடு எடுங்கள், நானும் வருகிறேன். தாரை ஒட்டியே நிற்கும் மரத்துக்கு ரிஃப்ளெக்டர் பட்டை கட்டாயம். மற்றதை விடுங்கள். அடிமரத்தில் வெள்ளையடித்து எண் எழுதியிருப்பார்களே, அதில் ஒரு மரத்தடியில்தான் எங்கள் நிறுத்தத்துப் பயணிகள் பாதிப் பேர் வெயிலுக்கு நிற்கிறார்கள். கூரை போட்ட குடைக்குள் யாரும் நிற்பதில்லை, தகரம் கொதிக்கிறது.

ஜூலை 3

மீடியன் நல்லதுதானே, நேருக்கு நேர் மோதாதே என்றால், ஆமாம், வீடில்லாத இடத்தில் நல்லது. கடைவீதியில் நீளமாகக் கட்டினால் எதிர்க்கடைக்குப் போக அரைக் கிலோமீட்டர் தள்ளித் திரும்பி வர வேண்டும். ஒருவரும் போக மாட்டார்கள். எதிர்த்திசையிலேயே ஓரமாக வருவார்கள். அப்புறம் யாராவது இரண்டு கல்லைப் பெயர்த்து வழி பண்ணிவிடுவார்கள், அந்தச் சந்தில் பைக் நுழையும். ஜூன் 21இல் சொன்ன சின்னத் திட்டுகள் போதும்.

ஜூலை 13

ஆனி முகூர்த்தம் முடிகிற நேரம். ஊர்ப் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருவார்கள், வேனும் காரும் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் வரிசை கட்டிவிடும். நடப்பவர்கள் தாருக்குள் வந்துவிடுவார்கள், பஸ் நடுக்கோட்டில் ஊரும்.

கல்யாணத்தைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நாலு நாள்தான் பூட்டிய வீடெல்லாம் திறந்து விளக்கெரிகிறது. நம் ஊர்த் தெருக்கள் நேர்க்கோட்டில் அகலமாகப் போட்டவை. வீடோ ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும். பின்தெரு காலியாகத்தான் கிடக்கிறது. கல்யாண வீட்டார் இரண்டு ஆளை நிறுத்தி வண்டிகளைப் பின்தெருவுக்கு அனுப்பினால் போதும். பந்தலுக்கு அனுமதி வாங்கும்போதே இதை ஒரு நிபந்தனையாக்கலாம். எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பையன்கள் கையில் டார்ச்சோடு நின்று செய்தார்கள், ரோடு அடைபடவே இல்லை.

ஜூலை 20

ரயில்வே கேட் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டார்கள். மேம்பாலம் வருகிறபோது வரட்டும். அதுவரை?

கேட் மூடியதும் முதல் ஐந்து நிமிஷம் ஒழுங்காக இடது பக்கம் நிற்பார்கள். அப்புறம் ஒரு பைக் வலது பக்கம் போய் முன்னால் நிற்கும். அதைப் பார்த்து ஆட்டோ, அப்புறம் கார். இதே கதை அந்தப் பக்கமும். கேட் தூக்கியதும் இரண்டு படை முகத்துக்கு முகம் நிற்கிறது. நடுவில் புதுவயல் அரிசி ஆலைக்குப் போகும் நெல் லாரி மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. கேட்டுக்கு இரு பக்கமும் கொஞ்ச தூரம் நடுக்கோட்டில் வளைந்து நிமிரும் ரப்பர் கம்பங்கள் நட்டால் வலது பக்கம் போக வழியே இருக்காது. நேற்று வரை மீடியன் வேண்டாம் என்றாயே என்பீர்கள். இங்கே வாசல் எதுவும் திறக்கவில்லை, கடக்க வேண்டியவர்களும் கேட்டிலேயே நிற்கிறார்கள், அதனால் வேண்டும்.

சிக்னலா ரவுண்டானாவா என்று கேட்டவருக்கு: நாலு ரோடு சந்திக்கும் இடத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டக்கூடிய புள்ளிகள் 32. ஒரே தடம் உள்ள ரவுண்டானாவில் 8. கரண்ட் போனாலும் ரவுண்டானா வேலை செய்யும், ராத்திரி பத்து மணிக்கு மேலும் வேலை செய்யும். ஆனால் நடுவில் சிலையும் பேனரும் வைத்து எதிர்ப்பக்கம் தெரியாமல் பண்ணிவிடக் கூடாது. பேனர் கட்டாத ரவுண்டானாவை நம் ஊரில் காப்பாற்ற முடியுமா என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான சந்தேகம். எனக்கும் உண்டு.

ஆகஸ்ட் 2

இழை கொஞ்சம் பாதயாத்திரைப் பக்கம் போய்விட்டது, போகட்டும். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடையாகப் போவது தலைமுறை தலைமுறையாக வருவது. காவடியோடும் காவடி இல்லாமலும் ஆயிரக்கணக்கானோர் விடிகாலை இருட்டில் ரோட்டோரம் நடக்கிறார்கள். போலீஸார் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது நல்ல காரியம். அதோடு, நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். முதுகுக்குப் பின்னால் வருவதைவிடக் கண்ணுக்கு முன்னால் வருவதிலிருந்து ஒதுங்குவது சுலபம். சிறாவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகும் கூட்டத்துக்கும் இதுவே.

யாராவது அடிபட்டால் தூக்கப் பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 134அ பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். உதவியவர் மேல் வழக்கு வராது, பெயர் சொல்லவும் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. என் மச்சினனைத் தூக்கிவிட்டவர் ஒரு வெள்ளரிக்காய் வியாபாரி, தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

ஆகஸ்ட் 9

மனு எழுதியாகிவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு.

முதலில், கோட்டையூர் எல்லைப் பலகையிலிருந்து ஸ்ரீராம் நகர் முடியும் வரை 40 கிலோமீட்டர் வரம்பு. பலகை மட்டும் நட்டால் போதாது, ஜூன் 22இல் எழுதிய மேடைகளோடு. அடுத்தது, விபத்து நடந்த இடங்களின் வரைபடம். போலீஸ் பதிவில் உள்ளதோடு "தானாக விழுந்தார்" வகையும், 108 ஏற்றிய இடங்களும் சேர வேண்டும். விபத்துக் கரும்புள்ளி என்று அறிவிக்கத் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு ஒரு அளவு உண்டு: 500 மீட்டர் நீளத்தில் மூன்று வருஷத்தில் உயிர்ப்பலியோ படுகாயமோ ஏற்பட்ட விபத்து ஐந்து, அல்லது பத்து மரணம். பத்துப் பேர் சாகும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்று ஒன்று இருக்கிறது, விபத்துக்கு முன்னாலேயே பகலிலும் இரவிலும் நடந்து பார்த்துக் குறை எழுதுவது. அதைக் கேட்டிருக்கிறோம், இரவு நடையில் எங்களையும் சேர்க்கச் சொல்லி. வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரம் தவறி உயிர் போனால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 198அ பிரிவு இருக்கிறது. அதையும் பணிவாக ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கிறேன்.

வரிசை பற்றிச் சின்னக் கருத்துவேறுபாடு வந்தது. தெருவிளக்கு முதலில் என்றார் மருந்துக்கடை அண்ணன். ஓரக் கிராவல் முதலில் என்றேன். பேசிப் பார்த்ததில் இரண்டுக்கும் பொறுப்பு வேறு வேறு ஆள், ஒன்றுக்காக மற்றது நிற்க வேண்டியதில்லை என்று தெரிந்தது, இரண்டையும் முதல் பக்கத்திலேயே வைத்தோம். பஸ் நிறுத்தத்தை நகர்த்துவது மூன்றாவது. அதற்குச் செலவு அநேகமாகக் கம்பமும் பெயின்டும்தான். அகலப்படுத்துவது கடைசிப் பக்கத்தில், "மேற்சொன்னவை செய்து ஒரு வருஷம் வேகம் அளந்த பிறகு" என்ற வரியோடு.

கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் மெடிக்கலில் நோட்டு இருக்கிறது, காலை பத்து மணிக்கு மேல். மகளிர் கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர் தவறாமல் வாருங்கள். பஸ் எந்த இடத்தில் நின்றால் உங்களுக்கு வசதி என்று தனியாக எழுதிக் கொடுங்கள், அதை வரைபடத்தில் குறித்துத்தான் திங்கட்கிழமை எடுத்துப் போகிறோம்.